கேம் பெட்டி இரைகிறதா, அணைகிறதா, எழும்பவே இல்லையா? அறிகுறியை வைத்துப் பழுது பார்க்கும் வழி

பொங்கல் வாரமும் கோடை விடுமுறையும்தான் எனக்கு இந்த வேலை குவிகிற நாட்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பார்கள், அலமாரியில் கிடக்கும் பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4) கேம் கன்சோலை எடுத்து டிவியில் மாட்டுவார்கள், அரை மணி நேரத்தில் எனக்குப் போன் வரும். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று ஒன்பது வருடமாக ஏறக்குறைய ஒரே பழுதுகளைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்து வருகிறேன். "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்று எங்கோ கடையில் சொல்லி அனுப்பிய பெட்டிகள் பல, தூசி தட்டியதும் அல்லது ஒரு வயரை மாற்றியதும் ஓடியிருக்கின்றன. அதனால் காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே அதிகம் இருப்பது பிஎஸ்4 என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். 2013-ல் வந்த முதல் மாடல், 2016-ல் வந்த ஸ்லிம், புரோ மூன்றுக்கும் பொதுவாகப் பொருந்தும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் வேறுபடும் இடத்தில் அங்கங்கே சொல்கிறேன்.

தொடுவதற்கு முன்

பெட்டியை முழுதாக ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு பத்து நிமிடம் விடுங்கள். முன்னால் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அது அணையவில்லை, ரெஸ்ட் மோடில் தூங்குகிறது. அந்த நிலையில் வயரைப் பிடுங்கினால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது கெட்டுப்போகலாம்.

வேண்டிய சாமான்: புதிதாக வாங்கிய ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், கையில் பிடிக்கிற எலெக்ட்ரிக் ப்ளோயர், காது குடையும் பஞ்சுக்குச்சி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், டார்ச், சாதாரண பிளஸ் ஸ்க்ரூ டிரைவர். பெட்டியைத் திறப்பதாக இருந்தால் நடுவில் ஓட்டை உள்ள நட்சத்திர முனை, டி8, டி9 அளவில். அப்புறம் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஒரு தென்னை ஈர்க்குச்சி. அது எதற்கு என்று கீழே வரும்.

மூன்று காரியம் செய்யாதீர்கள். பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்று அடிக்காதீர்கள். அந்த கம்ப்ரசர் டாங்கியில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தே பீய்ச்சும், நான் பார்த்த ஒரு புரோ அப்படித்தான் செத்தது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். சானிடைசர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் உள்ளே காட்டாதீர்கள்.

அறிகுறி: ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது

வருகிற போனில் அதிகம் இதுதான். போன சித்திரையில் பள்ளத்தூரில் ஒரு ஆச்சி கூப்பிட்டார்கள். "தம்பி, இந்தப் பொட்டி ராவெல்லாம் கத்துதுப்பா, வெடிச்சிருமோன்னு பயமா இருக்கு, பேரன் கேட்க மாட்டேங்கிறான்." வெடிக்காது ஆச்சி என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால், சுவரில் பதித்த மர அலமாரிக்குள், கதவை முக்கால்வாசி சாத்தி, மேலே ஒரு பூ வேலை செய்த துணியும் போர்த்தி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்து துணியை எடுத்ததும் கால் மணி நேரத்தில் சத்தம் பாதியாகக் குறைந்தது. செலவு ஒன்றுமில்லை.

முதலில் இடத்தைப் பாருங்கள். பிஎஸ்4 காற்றை இடுப்புப் பகுதி இடுக்கு வழியாக இழுத்துப் பின்பக்கம் தள்ளும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே பத்து சென்டிமீட்டராவது இடம் வேண்டும். செட்டாப் பாக்ஸ் மேல் வைக்கக்கூடாது, ஜமக்காளத்தின் மேல் வைக்கக்கூடாது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை குளுமையாகத்தான் இருக்கும், ஆனால் தரையில் வைத்தால் பெருக்குகிற தூசி அத்தனையும் உள்ளே போகும். ஒரு முக்காலி போதும், அதன் மேல் வையுங்கள்.

அடுத்து, மணி என்ன என்று பாருங்கள். சோனி இந்தப் பெட்டிக்குச் சொல்லியிருக்கும் வெப்ப அளவு 5 முதல் 35 டிகிரி வரை. அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் மத்தியானம் அதைத் தாண்டிவிடும். பழைய வீட்டில் சுண்ணாம்புச் சுவர் தடிமனாக இருப்பதால் வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய கீழ் அறை ஓரளவு தாங்கும்; மேல்மாடி அறையிலோ புதிதாகப் போட்ட கான்கிரீட் அறையிலோ தாங்காது. மத்தியானம் மட்டும் இரைந்து காலையில் அமைதியாக ஓடினால் பெட்டியில் கோளாறு இல்லை. விளையாட்டைக் காலைக்கோ இரவுக்கோ மாற்றுங்கள்.

இடம் சரி, நேரமும் சரி, இன்னும் இரைகிறது என்றால் தூசி. வெளிப்பக்க இடுக்குகளை பிரஷ்ஷால் தள்ளி, ப்ளோயரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மாற்றி மாற்றி அடியுங்கள். முற்றத்தில் நின்று செய்யுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்கிறவர்களுக்குத் திறக்க வேண்டிய தேவையே வெகு நாள் வராது.

வருடக்கணக்கில் செய்யாதவர்கள் திறந்துதான் ஆக வேண்டும். முதல் மாடலைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பது உட்பட நான்கு ஸ்க்ரூவை எடுத்தால் அடிமூடி கழன்று வரும். உடனே தெரிகிற கறுப்புப் பெட்டி பவர் சப்ளை. அதன் ஸ்க்ரூக்களைக் கழற்றி, வயரை இழுக்காமல் நேராக மேலே தூக்கிப் புரட்டி வையுங்கள். பவர் சப்ளையைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். அதற்கு அடியில் ஃபேன், ஃபேனை ஒட்டி வரிசையாகத் தகடு தகடாகச் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க். தூசி அடைகிற இடம் இந்தத் தகடுகளின் வாய்தான். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுப் பெட்டியில் அந்த வாயிலிருந்து நான் எடுத்தது தூசி என்று சொல்வதற்கில்லை, அரை விரல் தடிமனுக்குக் கம்பளித் துண்டு மாதிரி ஒரே படலமாக உரிந்து வந்தது, செம்மண்ணும் பஞ்சும் முடியும் சேர்ந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்தால் எண்ணெய்க் காறல். அதற்கு இரண்டு மாதம் முன்தான் அந்த வீட்டில் கல்யாணம், இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்கட்டில்) ஒரு வாரம் பலகாரம் சுட்டிருக்கிறார்கள், தேன்குழலும் அதிரசமும் வெந்த ஆவி அத்தனையும் ஹாலில் ஓடிக்கொண்டிருந்த இந்த ஃபேன் வழியாகப் போயிருக்கிறது. எண்ணெய் ஏறிய தூசி காற்றுக்கு அசையாது. பஞ்சுக்குச்சியில் ஆல்கஹாலை நனைத்துத் தகடு தகடாகத் துடைக்க வேண்டும், அப்படி ஒரு மணி நேரம் ஆனது. வீட்டில் பலகாரம் போடுகிற நாட்களில் பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கி அறைக்குள் வைத்துவிடுங்கள்.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றக்கூடாது. அதற்குத்தான் ஈர்க்குச்சி. இறக்கைக்கு நடுவே செருகிப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். வெளிக்காற்றில் அது வேகமாகச் சுற்றினால் டைனமோ மாதிரி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பி போர்டைக் கெடுக்கலாம், பேரிங்கும் தேயும்.

சுத்தம் செய்தும் சத்தம் குறையவில்லையா? மிச்சம் இருப்பது, சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோவது. ஐந்தாறு வருடப் பெட்டியில் அது விபூதி மாதிரி உதிரும். மாற்றுவதற்கு போர்டை முழுக்க வெளியே எடுக்க வேண்டும், மெல்லிய பட்டை வயர்கள் நிறைய உண்டு. லேப்டாப் திறந்து பழகிய கை என்றால் செய்யுங்கள், இல்லையென்றால் ஆளிடம் கொடுங்கள்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு: பக்கத்து வெள்ளை மூடிகள் ஸ்க்ரூ இல்லாமலே கழன்று வரும். உள்ளே தூசி சேர்வதற்கென்றே ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள், வாக்குவம் கிளீனர் குழாயை அங்கே வைத்து உறிஞ்சலாம். ஃபேனைத் துடைக்கலாம். அதோடு நிறுத்துங்கள். அதில் தெர்மல் பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் ஊற்றியிருக்கிறார்கள். ஹீட்சிங்க்கைத் தூக்கினால் அது வழிந்து போர்டில் ஓடி ஷார்ட் ஆகும். எக்ஸ்பாக்ஸ் என்றால் வெளித்துளைகளை பிரஷ்ஷும் ப்ளோயரும் வைத்துச் சுத்தம் செய்வதே பெரும்பாலும் போதும்.

அறிகுறி: விளையாடும்போது தானாக அணைகிறது

அணைவதற்கு முன் சூடு பற்றித் திரையில் எச்சரிக்கை வந்ததா, விளக்கு சிவப்பாக மாறியதா? அப்படியென்றால் மேலே சொன்னதுதான், அங்கே போங்கள்.

எச்சரிக்கை இல்லாமல் படக்கென்று அணைந்தால், கரண்ட்டைச் சந்தேகப்படுங்கள். பழைய வீடுகளில் பிளக் பாயின்ட் இன்னும் பழைய உருண்டைப் பின் காலத்தது, உள்ளே பித்தளை அகன்று போய் பிளக் ஆடும். கையால் லேசாக அசைத்துப் பாருங்கள், 'சிர்' என்று சத்தம் வந்தாலோ பிளக் சூடாக இருந்தாலோ அதுதான் காரணம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டை மாற்றுங்கள். மல்டி பிளக்கில் மோட்டார், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எதுவும் பெட்டியோடு சேர்ந்து இருக்கக்கூடாது.

பாயின்ட் நன்றாக இருந்தால் அணையும் நேரத்தைக் குறித்து வையுங்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் மட்டும் அணைகிறதா? ட்யூப் லைட்டும் அப்போது சிமிட்டுகிறதா? வோல்டேஜ் இறக்கம். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற நொடியில் மட்டும் அணைந்தால், இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், அதில் போட்டால் மாறும் நேரம் குறையும். பழைய சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் கன்சோலை அதில் ஓட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இதற்கெல்லாம் நிச்சயமான சோதனை ஒன்று உண்டு. பெட்டியை அப்படியே தூக்கிப்போய் வேறு தெருவில் ஒரு உறவுக்காரர் வீட்டில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அங்கே அணையவில்லை என்றால் உங்கள் வீட்டு வயரிங். அங்கேயும் அணைந்தால் பவர் சப்ளை, அது ஆளிடம் போக வேண்டிய வேலை.

திடீரென்று அணைந்த பெட்டியை மறுபடி போடும்போது, சரியாக அணைக்கவில்லை, டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று திரையில் வரும். முடியும்வரை பொறுத்திருங்கள், பாதியில் மறுபடி அணைத்துவிடாதீர்கள்.

அறிகுறி: உயிரே இல்லை, விளக்கே வரவில்லை

பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து, மல்டி பிளக் எதுவும் இல்லாமல் நேரே சுவர் பாயின்ட்டில் செருகுங்கள். அடுத்து வயர். முதல் மாடல், ஸ்லிம், பிஎஸ்5 எல்லாவற்றுக்கும் வருவது எட்டு வடிவ முனை உள்ள வயர், பழைய டேப் ரெக்கார்டருக்கு வருகிற அதே வயர்தான். வீட்டில் பரணில் ஒன்றாவது கிடக்கும், மாற்றிப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியா? அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் கவலை இல்லை, பின்னை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய எக்ஸ்பாக்ஸ் 360-ன் பவர் கட்டியில் (வயரில் தனியாகத் தொங்கும் அடாப்டரில்) 100-127 என்று இருக்கும். அதை நம்முடைய 230-ல் செருகியிருந்தால் கட்டிதான் போயிருக்கும், பெட்டி பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. நம் வோல்டேஜுக்கு உள்ள கட்டியைத் தேடி வாங்குங்கள். முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் பவர் கட்டி வெளியேதான். அதைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பத்து விநாடி விட்டுச் செருகினால் பல நேரம் எழுந்துகொள்ளும்.

இதெல்லாம் பார்த்தும் உயிர் இல்லையா? டார்ச் அடித்து இடுக்குகளுக்குள் பாருங்கள். தேவகோட்டையில் பத்து மாதம் பூட்டியிருந்த வீட்டுப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்ததும் பின்பக்கத் துளையிலிருந்து ஒரு எறும்பு வந்தது. இன்னொன்று. அடிமூடியைக் கழற்றினேன். பவர் சப்ளைக்கும் ஃபேனுக்கும் நடுவே, மண் துகளை அணைகட்டி, உள்ளே அரிசிக் குருணை மாதிரி வெள்ளை வெள்ளையாக முட்டை. நூற்றுக்கணக்கில். ஒரு எறும்பு முட்டையை வாயில் கவ்விக்கொண்டு தகட்டுக்குள் ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கனெக்டர் பின்களில் சில பச்சை பூத்திருந்தன. பிரஷ்ஷால் தள்ளி, ஆல்கஹாலால் பின்னைத் துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவைத்து மாட்டியதும் எழுந்தது. துருவையும் பேட்டரியையும் ஆராய்வதற்கென்று 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரி இயங்குகிற ஊர் காரைக்குடி, அந்தப் பச்சையைப் பார்த்தால் இங்கே யாரும் சாதாரணமாக விடமாட்டார்கள். நீங்களும் விடாதீர்கள். லேசான பச்சை துடைத்தால் போகும், பின் அரித்துப் பாதியாகியிருந்தால் ஆள் வேண்டும்.

எறும்பும் கரப்பானும் உள்ளே போவது கதகதப்புக்காக. மாதக்கணக்கில் ரெஸ்ட் மோடில் விட்ட பெட்டியில் கரப்பான் குடும்பமே இருக்கும். பூச்சி மருந்தை மட்டும் உள்ளே அடித்துவிடாதீர்கள், அந்த எண்ணெய்ப் படலம் போர்டில் ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, டிவியில் படம் இல்லை

இங்கே விளக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் வழி பிரியும்.

வெள்ளையாக நிலைத்து எரிந்தால்:

பெட்டி ஓடுகிறது, படம் வெளியே வரவில்லை. எச்டிஎம்ஐ வயரை மாற்றுங்கள், டிவியில் வேறு போர்ட்டில் செருகுங்கள், வேறு டிவியிலும் பாருங்கள். அதன்பின் சேஃப் மோட், அதாவது பழுது பார்ப்பதற்கென்றே பெட்டியில் இருக்கும் அடிப்படை மெனு. பெட்டி அணைந்திருக்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், ஒரு பீப் வரும், விடாமல் பிடித்தால் ஏழு விநாடி போல ஆனதும் இரண்டாவது பீப் வரும், அப்போது விடுங்கள். கன்ட்ரோலரை வயரில் மாட்டி ரெசல்யூஷன் மாற்றும் இரண்டாவது வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய டிவியிலிருந்து புது டிவிக்கு மாற்றியவர்களுக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

சேஃப் மோடிலும் படம் இல்லையென்றால் எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் டார்ச் அடியுங்கள். பின் ஒன்று மடங்கியிருக்கிறதா? பக்கத்துத் தகடு நெளிந்திருக்கிறதா? ஊசி வைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அது ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் சிப்பும் சேர்ந்து போகும். போர்ட்டை எடுத்துப் புதிது சால்டர் பண்ணுவது நல்ல கைப்பழக்கம் உள்ளவர் செய்கிற வேலை, மொபைல் போர்டு வேலை செய்கிற கடைகளில் செய்வார்கள்.

நேற்று இடி இடித்ததா என்று நான் கட்டாயம் கேட்பேன். கோடை மழைக்கு முன்னால் வருகிற இடி, மாடியில் இருக்கும் டிஷ் அல்லது கேபிள் வயர் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு இறங்கி, அங்கிருந்து டிவிக்கும், டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்கும் போகும். கன்சோலின் பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் எச்டிஎம்ஐ வயர் மாட்டியே இருந்தால் காப்பாற்றாது. வானம் கறுத்தால் இரண்டையும் கழற்றுங்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்ததே. எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது விரலில் 'சுருக்' என்று ஏறுகிறதா? பெட்டிக்கு எர்த் பின்னே கிடையாது, அதனால் அதன் உலோகப் பாகத்தில் லேசான கசிவு எப்போதும் இருக்கும். வீட்டில் டிவிக்கும் எர்த் சரியில்லை என்றால் அந்தக் கசிவு போக இடமில்லாமல் விரலில் தெரியும். ஓடும்போதே வயரைச் செருகிப் பிடுங்குகிறவர்களின் எச்டிஎம்ஐ சிப் சீக்கிரம் போவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டே செருகுங்கள். சுருக் கொஞ்சம் பலமாகவே இருந்தால் கன்சோலை மறந்துவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தொடுகிற சாமான்.

நீலமாகத் துடித்துவிட்டு அணைந்தால்:

பயப்பட வேண்டிய அறிகுறிதான், ஆனாலும் ஒரு சோதனை செலவில்லாமல் செய்யலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். முதல் மாடலில் மேலே உள்ள பளபளப்பு மூடியைப் பக்கவாட்டில் தள்ளினால் டிஸ்க் இருக்கும் இடம் தெரியும், ஸ்லிம்மில் பின் மூலையில் சின்ன மூடி. டிஸ்க் இல்லாமல் போட்டதும் டிவியில் படம் வந்து டிஸ்க்கைக் காணோம் என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள், போர்டு நன்றாக இருக்கிறது. லேப்டாப் அளவான 2.5 அங்குல டிஸ்க் ஏதாவது, 9.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாததாக வாங்கி மாட்டினால் முடிந்தது. புது டிஸ்க்கில் சிஸ்டம் சாஃப்ட்வேரை யுஎஸ்பி வழியாக ஏற்ற வேண்டும். அப்டேட் ஃபைல் வேறு, முழுதாக ஏற்றும் ஃபைல் வேறு, பெரியதாக இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

டிஸ்க் இல்லாமலும் நீலமாகவே துடித்தால் பவர் சப்ளை அல்லது முதன்மைச் சிப். இங்கே நிறுத்துங்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சரியாகும் என்று யாராவது வீடியோ அனுப்புவார்கள். சில நாள் ஓடிவிட்டு மறுபடி விழும், அதன்பின் சரிசெய்கிறவருக்கும் வேலை கெட்டுப்போகும். சிப் வேலை என்று ஆகிவிட்டால் செலவைக் கேட்டுவிட்டு, அந்தக் காசுக்குப் பழைய பெட்டி ஒன்றே கிடைக்குமா என்று ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

அறிகுறி: டிஸ்க் படிக்கவில்லை, அல்லது தானாக வெளியே துப்புகிறது

ஒரே ஒரு கேம் டிஸ்க் மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு அந்த டிஸ்க்கில்தான். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். எல்லா டிஸ்க்கும் ஓடவில்லை என்றால் லென்ஸில் தூசி. ப்ளோயரைத் தூரத்தில் பிடித்து வாயில் லேசாக அடித்துப் பாருங்கள். அதற்கும் படிக்கவில்லை என்றால் டிரைவைத் திறந்து லென்ஸைத் துடைக்க ஆள் வேண்டும். டிரைவையே மாற்றச் சொன்னால் ஒன்று நினைவில் வையுங்கள்: டிரைவில் இருக்கும் சின்ன போர்டு அந்தப் பெட்டியோடு ஜோடி சேர்த்தது, பழைய போர்டைப் புது டிரைவுக்கு மாற்றிப் போட வேண்டும். இதைச் சொன்னதும் தலையாட்டுகிற ஆளிடம் கொடுங்கள்.

முதல் மாடல், பீப் பீப் என்று அடித்துத் தானாக டிஸ்க்கைத் துப்பினால் டிரைவில் கோளாறு இல்லை. அதன் எஜெக்ட் பட்டன் தொட்டால் வேலை செய்கிற ரகம். அதற்கு நேர் கீழே இருக்கும் ரப்பர் கால் சூட்டில் உப்பி உள்ளே அழுத்தும், விரல் பட்டது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். அந்த ஒரு ரப்பரைக் கழற்றிவிடுங்கள். கோட்டையூரில் இதற்காக டிரைவ் மாற்றக் காசு கட்டத் தயாராக இருந்த ஒரு அண்ணனுக்கு இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது.

அறிகுறி: உறைந்து நிற்கிறது, சிஇ-34878-0 என்று வருகிறது

விளையாட்டு தடுமாறி விழுந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. விளையாட்டையும் சிஸ்டத்தையும் அப்டேட் செய்யுங்கள், ஹார்ட் டிஸ்க்கில் இடம் ஒதுக்குங்கள். தீரவில்லை என்றால் சேஃப் மோடில் ஐந்தாவதாக இருக்கும் டேட்டாபேஸ் மறுகட்டமைப்பு. அதில் விளையாட்டுகளோ சேமித்ததோ அழியாது. ஆறும் ஏழும் எல்லாவற்றையும் துடைத்துவிடும், அதைத் தொடும் முன் சேமிப்பை யுஎஸ்பியில் எடுத்துவிடுங்கள். எல்லா விளையாட்டுகளும் மாறி மாறி உறைந்தால் ஹார்ட் டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. அதற்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று போட்டுவிட்டால் வேகமும் கூடும்.

அறிகுறி: கன்ட்ரோலர் தானாக நகர்கிறது, சார்ஜ் ஏறவில்லை

சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வயர், பிறகு போர்ட்டில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று மரப் பல்குச்சியால் பாருங்கள். சார்ஜ் ஏறுகிறது, பெட்டியோடு சேரவில்லை என்றால், அந்த வயர் சார்ஜுக்கு மட்டும் ஆனதாக இருக்கும், டேட்டா போகிற வயரை மாற்றுங்கள். பின்பக்கம் எல்2 பட்டன் பக்கத்தில் ஊசித்துளை உண்டு, அதில் ஐந்து விநாடி அழுத்தினால் ரீசெட் ஆகும்.

கன்ட்ரோலர் முதுகு உப்பியிருக்கிறதா, மூடி இடுக்கு விரிந்திருக்கிறதா? பேட்டரி வீங்கிவிட்டது. சார்ஜில் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள். நான்கு ஸ்க்ரூதான், கழற்றிப் புதிது மாட்டலாம். வீங்கியதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் பேட்டரி எடுக்கிற கடையில் கொடுங்கள்.

தானாக நகர்வது கட்டைவிரலால் திருப்புகிற குச்சிக்கு (அனலாக் ஸ்டிக்) அடியில் இருக்கும் பட்டை தேய்வதாலும் தூசியாலும் வருவது. குச்சியைச் சாய்த்து அடியில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு ஐம்பது முறை சுழற்றி, அரை மணி காயவிடுங்கள். தூசி என்றால் போய்விடும், தேய்மானம் என்றால் ஒரு வாரத்தில் திரும்பும். திரும்பினால் குச்சிப் பெட்டியையே மாற்ற வேண்டும், சால்டரிங் வேலை. காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ரகம் போடச் சொல்லுங்கள், அதில் உரசித் தேயும் பட்டை கிடையாது.

அறிகுறி: நெட் இழுக்கிறது

முகப்பில் ரூட்டர், இரண்டாங்கட்டில் கன்சோல் என்றால் நடுவில் எத்தனை சுவர், எவ்வளவு தடிமன் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சுவரை வைஃபை தாண்டுவது கஷ்டம். முதல் மாடல் பிஎஸ்4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5-ஐக் கண்டுபிடிக்காது. சுவர் ஓரமாக ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள், வேறெதற்கும் செலவழிக்க வேண்டாம்.

வீட்டைப் பூட்டிக் கிளம்பும் நாளில்

ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணையுங்கள். பிளக், எச்டிஎம்ஐ, லேன் மூன்றையும் கழற்றுங்கள். ப்ளோயர் ஒரு முறை அடித்து, பெட்டி ஆறியதும் மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், மளிகை டப்பாவாகவே இருக்கலாம். செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலம் நாலைந்தைச் சேர்த்துப் போடுங்கள். அரிசியோ உப்போ போட்டால் எறும்பைக் கூப்பிட்ட மாதிரி ஆகும். கன்ட்ரோலரைப் பாதி சார்ஜில் வையுங்கள், காலியாக விட்டுப் பத்து மாதம் போனால் பேட்டரி எழாது. டப்பாவைத் தரையில் வைக்காமல் மேல் அலமாரியில் வைத்து, சுத்தம் செய்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த பொங்கலுக்கு என்னைக் கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.